ஃபார்மில் வருவது எண்ணா, எழுத்தா? பிஹெச்பியில் எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி:
வணக்கம். மதுரையில் மாமாவின் பாத்திர வாடகைக் கடைக்காக பிஹெச்பி என்ற நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளமும் வைத்து ஒரு சின்ன மென்பொருள் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு ஃபார்முக்கும் தனித்தனியாக இன்சர்ட் (டேபிளில் பதியும் கட்டளை) எழுதாமல், போஸ்ட்டில் (ஃபார்ம் அனுப்பும் தரவில்) வருவதையெல்லாம் ஒரே லூப்பில் எடுத்து, எண்ணா என்று பார்க்கும் இஸ்_நியூமெரிக் ஃபங்ஷன் 'ஆம்' என்றால் மேற்கோள்குறி இல்லாமலும், மற்றதற்கு மேற்கோள்குறி போட்டும் க்வெரி (தரவுத்தளத்துக்கான கட்டளை வரி) கட்டுகிறேன். பத்து நாள் நன்றாகவே ஓடியது. நேற்று ஒருவரின் கதவு எண் பில்லில் 12000 என்று வந்துவிட்டது. அண்டாக்களோடு போன வண்டிக்காரர் தெருவை மூன்று முறை சுற்றிவிட்டு மாமாவுக்கு போன் போட்டார். அவர்கள் எழுதிக் கொடுத்தது 12ஈ3. நடுவில் இருப்பது ஆங்கில ஈ. 0452 என்று தொடங்கும் போன் எண்களிலும் முதல் சுழியத்தைக் காணவில்லை. இதைவிடச் சரியாக வகையைச் சொல்லும் ஃபங்ஷன் ஏதாவது உண்டா?

பதில் 1:
தம்பி, ஃபார்மில் எதைத் தட்டினாலும் பிஹெச்பிக்கு அது ஸ்ட்ரிங்காகத்தான் (எழுத்துச் சரமாக) வந்து சேரும். 12ஈ3 என்றால் அதற்கு 12 பெருக்கல் 1000 (ஈ3 என்பது பத்தின் மூன்றாம் அடுக்கு). அதனால்தான் 'எண்' என்றது. மதிப்பைப் பார்த்து வகையை ஊகிப்பதையே விட்டுவிடுங்கள். வகை ஏற்கெனவே டேபிளில் இருக்கிறது: மைஎஸ்க்யூஎல் தன் டேபிள்களின் விவரம் வைத்திருக்கும் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவில், காலம்ஸ் (நெடுவரிசைகள்) டேபிளில் டேட்டா_டைப்பைப் படியுங்கள். கதவு எண் அங்கே வார்சார் (எழுத்து வகை) என்றால் அது எழுத்துதான், பேச்சே இல்லை.

அதைவிட முக்கியமானது ஒன்று. க்வெரியை ஒட்டிக் கட்டாதீர்கள். டி'சோசா என்று ஒரு வாடிக்கையாளர் வந்தால் அந்த ஒற்றைக் குறியிலேயே க்வெரி உடையும். கெட்ட எண்ணத்தோடு ஒருவர் வந்தால் டேபிளே போகும். பிடிஓவில் (பிஹெச்பி தரவுத்தளத்தோடு பேசும் வழி) க்வெரியை முதலில் ப்ரிப்பேர் செய்து, மதிப்புகள் வரும் இடத்தில் கேள்விக்குறி வைத்து, மதிப்புகளைத் தனியாக அனுப்புங்கள். நெடுவரிசைப் பெயருக்கு அப்படி வைக்க முடியாது. அதனால் போஸ்ட்டில் வரும் பெயரை அப்படியே க்வெரியில் சேர்க்காமல், டேபிளில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சேருங்கள்.

பதில் 2:
மொபைல் எண்ணை இன்ட்டில் (முழு எண் வகையில்) வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். அதில் 2147483647 வரைதான் கொள்ளும். 9-ல் தொடங்கும் பத்து இலக்கம் அடங்காது. கூட்டிக் கழிக்காத எண் எல்லாமே வார்சார்தான். அப்புறம், அட்வான்ஸ் கட்டத்தைக் காலியாக விட்டால் வெற்று ஸ்ட்ரிங் வரும். அதை 'நல்' (மதிப்பே இல்லை என்ற குறி) ஆக்கி அனுப்புங்கள், இல்லையென்றால் ஸ்ட்ரிக்ட் மோடில் (வகைக்குப் பொருந்தாத மதிப்பை ஏற்காத அமைப்பில்) பிழை வரும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். பிடிஓவுக்கு மாற்றிவிட்டேன், 12ஈ3 அப்படியே பதிவாகிறது. பழைய போன் எண்களில் 452-ல் தொடங்கும் பத்து இலக்கத்துக்கு மட்டும் முன்னால் சுழியம் சேர்த்தேன். நம் மொபைல் எண் எதுவும் 4-ல் தொடங்காது என்பதால் பயமில்லை. கதவு எண்களைத்தான் ரசீதுப் புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியிருக்கிறது. மாமா படிக்கப் படிக்கத் திருத்துகிறேன்.