கேர்ட்டா (curt), டேர்ஸா (terse), ரூடா (rude)? வெடுக்கென்ற பேச்சுக்கு எந்த ஆங்கிலச் சொல் பொருந்தும்? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வெள்ளவத்தை:
போன மாதம் அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுக்க, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரெடி இல்லை. நாளைக்கு." ஏன் என்று கேட்டேன். "அடுத்த ஆள் வாங்கோ." அம்மாவின் முகம் வாடிப்போனது.

வீட்டுக்கு வந்து ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுத உட்கார்ந்தால், 'ரூட்' என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை திட்டவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. ரூட் என்று எழுதினால் நடந்ததைவிடப் பெரிய குற்றம் சாட்டியது போல் ஆகிவிடும். அக்காதான் 'கேர்ட்' என்று எழுதச் சொன்னார். வெட்டிக் குறைத்தது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். நாங்கள் சொல்லும் 'வெட்டொன்று துண்டிரண்டு' இதுதானோ என்று முதலில் நினைத்தேன். இல்லை. ஒருவரின் துணிவைப் புகழவும் அப்படிச் சொல்வோம். கேர்ட்டில் புகழ்ச்சி துளியும் இல்லை. முகத்தில் அடித்தாற்போல் பேசுவதுதான் அது.

கொட்டாஞ்சேனை:
எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. கூட வேலை செய்யும் ஒருவரின் மெயில்கள் இரண்டு வரியில் தெளிவாக இருக்கும். அதைப் பாராட்டுவதாக நினைத்து 'கேர்ட்' என்று அவருக்கே எழுதிவிட்டேன். மனிதர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் எழுதியிருக்க வேண்டியது 'கன்சைஸ்' (concise), சுருக்கமும் தெளிவும் என்று பொருள். 'டேர்ஸ்' என்றாலும் சரிவந்திருக்காது. துடைத்துச் சுத்தமாக்கியது என்பதுதான் அதன் லத்தீன் மூலம். ஒரு காலத்தில் மெருகான நடையை அப்படிப் புகழ்ந்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒருவரின் பதிலை டேர்ஸ் என்றால், எழுதியவர் ஏதோ கோபத்தில் இருக்கிறார் என்றே படும். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். இன்னும் உறுத்துகிறது.

பம்பலப்பிட்டி:
சுருக்கமான பேச்சைப் புகழ 'லகோனிக்' (laconic) பொருந்தும். பழைய கிரேக்க நகரமான ஸ்பார்ட்டா இருந்த லகோனியாவின் பெயரில் வந்த சொல். உங்கள் நாட்டுக்குள் நுழைந்தால் அழித்துவிடுவேன் என்று மாசிடோனிய அரசன் இரண்டாம் பிலிப் மிரட்ட, ஸ்பார்ட்டாக்காரர்கள் அனுப்பிய பதில் "நுழைந்தால்" என்ற ஒரே சொல் என்பது பழைய கதை.

தெஹிவளை:
காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தினமும் போகிறேன். ஏறிய உடனே கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன!" (முன்னுக்குப் போங்கள்) என்று சிங்களத்தில் வெடுக்கென்று கத்துவார். முதலில் எனக்குச் சுள்ளென்று வரும். ஒருநாள் அதே குரலில் முன்சீட்டுப் பெடியனை அதட்டி எழுப்பி, ஒரு கர்ப்பிணிக்கு இடம் எடுத்துக் கொடுத்தார். அவரை 'புரூஸ்க்' (brusque) என்று சொல்லலாம். புளிப்பு என்ற பொருளுள்ள இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. அவசரமும் முரட்டுத்தனமும் இருக்கும், மனதில் கெடுதல் இருக்க வேண்டியதில்லை. அவரை ரூட் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வெள்ளவத்தை:
முறைப்பாட்டை அனுப்பிவிட்டேன். 'கேர்ட்' என்றுதான் எழுதினேன். அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். "ஓம், அப்பிடித்தான் கதைச்சது அந்தப் பிள்ளை" என்றார்.