கம்பளைச் சரிவில் நிழலுக்கு எந்த மரம்?

கேள்வி: இலங்கை மலைநாட்டில், கம்பளையில் இருக்கிறோம். வீட்டின் மேற்கே 30 அடிச் சரிவு நிலம். பின்னேர வெயில் சுவரில் அடிக்கிறது. அல்பீசியா கெதியாக வளரும் என்கிறார்கள். கண்டபடி பரவாத மரம் எது?

மலைக்காற்று: அல்பீசியா வேண்டவே வேண்டாம். விதை காற்றில் போய் அடுத்த காணியிலும் முளைக்கும். மரம் மென்மை, பலத்த காற்றில் கிளை முறிந்து கூரையில் விழும். இபில் இபில் மரமும் விதையால் பெருகும், வெட்டினாலும் துளிர்க்கும். பெஹிம்பியா வையுங்கள். நம் நாட்டு மரம், வருஷம் முழுக்க அடர்ந்த நிழல். சுவரிலிருந்து 18 அடி தள்ளி நடுங்கள், மலக்குழிப் பக்கம் வேண்டாம்.

செவ்வந்தி: நாகமரமும் அருமை, ஆனால் நிழலுக்குப் பல வருஷம் பொறுக்க வேண்டும்.

நடும்போது 2 அடிக் குழி. மேல்மண் இரண்டு பங்கு, கொம்போஸ்ட் ஒரு பங்கு. பைக்குள் சுற்றிய வேரைக் கட்டாயம் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு வேரே மரத்தை நெரிக்கும். சரிவின் கீழ்ப்பக்கம் பிறைவடிவில் மண் அணை கட்டுங்கள். தண்டின் அடியை மண்ணால் மூடினால் அழுகிவிடும்.

கேள்வி கேட்டவர்: நன்றி அக்கா. எப்போது நடலாம்?

செவ்வந்தி: மே கடைசியில், மழை பிடித்து மண் நன்றாக ஊறிய பிறகு.

மலைக்காற்று: நுவரெலியாவில் இருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம், அங்கே உறைபனி விழும்.