படிக்கப் போன ஊரில் எழுத்தாளரைத் தேடிப் போன கதைகள்

வாத்தியார்மகன்

ஜி.யு.போப் கல்லறை ஆக்ஸ்ஃபோர்டில், வால்டன் தெருவை ஒட்டிய புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. நான் படித்தது வேறு ஊர், ரயிலேறிப் போனேன். எந்த வரிக்காகப் போனேன் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்.' அப்பா தமிழாசிரியர், வகுப்பில் அந்த வரி வரும்போது அவருக்குக் குரல் கம்மிவிடும், நானே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

கல்லைக் கண்டுபிடித்ததும் வீடியோ காலில் அவரைக் கூப்பிட்டேன். பெயர் இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்று இருக்கிறது, பேலியல் கல்லூரி இருக்கிறது. அந்த வரி மட்டும் இல்லை. அப்பா நம்பவில்லை. "அந்தப் பக்கம் காட்டு, இந்தப் பக்கம் காட்டு, புல்லை விலக்கிப் பாருடா" என்கிறார். ஒரு கையில் போன், ஒரு கையால் புல்லை விலக்கிக்கொண்டு நான் குனிந்து சுற்றிவர, நாயோடு வந்த ஒரு அம்மா நின்று வேடிக்கை பார்க்கிறார். கடைசியில் "பாசி படிஞ்சிருக்குப்பா, சரியா தெரியல" என்று சொல்லிவிட்டேன். "அதானே" என்றார், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதற்கப்புறமும் வகுப்பில் அதே குரலில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

பொருநைக்கரை

மன்னிக்கவும், இதை ஏற்க முடியவில்லை. நான் சாயர்புரம் பக்கம், போப் பள்ளி நடத்திய மண். எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூட அந்த வரி தெரியும். அத்தனை பேராசிரியர்கள் மேடையில் சொன்னதெல்லாம் பொய்யா? நீங்கள் வேறு யாருடைய கல்லையாவது பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. அடுத்த முறை முழுப் படம் எடுத்துப் போடுங்கள். என் கதை பெரிதாக ஒன்றுமில்லை, லீட்ஸில் படித்தபோது நாவலாசிரியைகள் ப்ரான்ட்டி சகோதரிகளின் ஊரான ஹவொர்த்துக்குப் போனேன், மழை, திரும்பிவிட்டேன்.

நேவா நதி

ரஷ்யாவில் மருத்துவம். எங்கள் வீட்டில் தாத்தா காலத்து சோவியத் முன்னேற்றப் பதிப்பகப் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்ததால் எனக்குப் பாடத்தைவிட பீட்டர்ஸ்பர்க் முக்கியம். தஸ்தயேவ்ஸ்கி கடைசியாக வாழ்ந்த வீடு மியூசியமாக இருக்கிறது, குஸ்னெச்னி சந்தில், அவர் இறந்த நேரத்தைக் காட்டியபடி கடிகாரம் நிற்கிறது, சரி, அதை எல்லாரும் பார்ப்பார்கள். எனக்கு வேண்டியது 'குற்றமும் தண்டனையும்' நாவலின் நாயகன் ரஸ்கோல்னிகோவ் வீடு. ஸ்டோல்யார்னி சந்து முனையில், சுவரில் தஸ்தயேவ்ஸ்கி சிற்பம் வைத்திருப்பார்கள், அதுதான். ஆனால் அது மக்கள் குடியிருக்கிற கட்டடம், வாசலுக்கு எண் அழுத்தித் திறக்கிற பூட்டு. பின்னே, ஊர் உலகமெல்லாம் வந்து மாடிப்படிச் சுவரில் கிறுக்கிவிட்டுப் போனால் யார் திறந்து வைப்பார்கள்.

குளிரில் காத்திருந்தேன். இரண்டு கையிலும் பையோடு ஒரு பாட்டி வந்து கதவைத் திறந்தார். எனக்கு அப்போது ரஷ்ய மொழி அரைகுறை, அவசரத்தில் "ரஸ்கோல்னிகோவ்?" என்று மட்டும் கேட்டேன். என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "அவன் காலி பண்ணிட்டுப் போய் ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கிண்டலா, இல்லை நிஜமாகவே அந்தப் பெயரில் ஒருவன் வாடகைக்கு இருந்தானா? எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், பாதிப் பேர் இப்படி, பாதிப் பேர் அப்படி. அப்புறம் அங்கிருந்து வட்டிக்காரி வீடுவரை நாவலில் சொல்கிற 730 காலடியை எண்ணிக்கொண்டு நடந்தேன், கொகுஷ்கின் பாலம் தாண்டுவதற்குள்ளேயே கணக்கு குழம்பிவிட்டது.

கரப்பான்

ப்ராக்கில் காஃப்கா கல்லறை. கல் முன்னால் பேனா, கூழாங்கல், மடித்த சீட்டு என்று வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு பெண் என்னிடம் பேனா கேட்டார், கொடுத்தேன், நின்றபடியே ஏதோ எழுதினார், எழுதிய சீட்டையும் என் பேனாவையும் சேர்த்து அங்கே வைத்துவிட்டுக் கும்பிடாத குறையாகப் போய்விட்டார். அக்கா வாங்கித் தந்த பேனா. கல்லறையிலிருந்து எடுக்கவும் கை வரவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பழைய நகரத்து யூதக் கல்லறைத் தோட்டத்துக்கு டிக்கெட் வாங்கிப் போய் ஏமாறாதீர்கள், காஃப்கா அங்கே இல்லை. பச்சை மெட்ரோவில் ஷெலிவ்ஸ்கேஹோ நிறுத்தம், வெளியே வந்தாலே புதிய யூதக் கல்லறைத் தோட்டத்தின் சுவர். சனிக்கிழமை திறக்க மாட்டார்கள், வெள்ளிக்கிழமை சீக்கிரம் மூடிவிடுவார்கள், அதனால் வார இறுதிப் பயணம் போடுகிற மாணவர்கள் ஞாயிறு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும், குல்லா ஒன்று பையில் இருக்கட்டும். உள்ளே வழிகாட்டிப் பலகை உண்டு. அப்பா, அம்மா, மகன் மூன்று பேரும் ஒரே கல்லின் கீழ்தான், அப்பாவைக் குற்றம்சாட்டி அவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதியும் கடைசியில் பக்கத்திலேயே. கீழே மூன்று தங்கைகளுக்கும் ஒரு பலகை இருக்கும், நாஜிகள் கொன்றவர்கள், அதைப் படிக்காமல் வராதீர்கள். அப்புறம், பிரிட்டன் மாணவர் விசாவை வைத்துக்கொண்டு இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் ப்ராக் போக முடியாது, அதற்கு ஷெங்கன் விசா தனி, டப்ளினுக்கு அதுவும் செல்லாது, அயர்லாந்து விசா தனி. நேவா நதி, உங்கள் பாட்டி கிண்டல்தான் செய்தார், இதில் என்ன சந்தேகம்.

வாத்தியார்மகன்

பொருநைக்கரை அண்ணே, பிறந்தது 1820, இறந்தது 1908, ஜார்ஜ் அக்லோ போப் என்று கல்லிலேயே இருக்கிறது, அந்த ஊரில் இன்னொரு போப்பா தமிழ் கற்பித்தார்? குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்று அதில் பொறித்திருக்கிறது. இல்லாத வரியைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது. பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட்டும் அதே தோட்டத்தில்தான். திருவாசகத்தை மொழிபெயர்க்க இனி வயதில்லை என்று போப் தயங்கியபோது, பெரிய வேலை ஒன்று கையில் இருந்தால் அதை முடிக்கும்வரை ஆயுள் இருக்கும் என்று தைரியம் சொன்னவர். சொன்னவர் 1893இல் போய்விட்டார். போப் 1900இல் முடித்தார், எண்பது வயதில்.

பொருநைக்கரை

கல்லில் இல்லையென்றால் உயிலில் இருக்கும். உயிலைப் பார்த்தீர்களா?

எலுமிச்சை சோப்பு

அண்ணன்கள் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். டப்ளினில் ஸ்வெனி மருந்துக்கடை, ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யூலிஸஸ்' நாவலில் நாயகன் ப்ளூம் சோப்பு வாங்குகிற கடை. இப்போது மருந்து விற்பதில்லை, தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், வட்டமாக உட்கார்ந்து ஜாய்ஸை ஆளுக்கு ஒரு பக்கம் உரக்க வாசிப்பார்கள். நான் போன அன்று கடைசி அத்தியாயம். கமாவே கிடையாது, முற்றுப்புள்ளியும் அபூர்வம். என் முறை வந்தது, எங்கே மூச்சு விடுவது, எங்கே நிறுத்துவது என்றே தெரியாமல் வாசித்துக்கொண்டே போய் பக்கத்திலிருந்த பெரியவரின் பக்கத்தையும் சேர்த்து முடித்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. முடிந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்துக்கொண்டார். தேநீர் குடிக்கும்போது ஒருவர் சொன்னார், அந்தப் பக்கம் தன் முறையில் வரட்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் நாற்காலி பார்த்து உட்காருவாராம்.