இர்மா வந்த வாரம்: விரிகுடாவைக் காணோம்

2017-ல் நாங்கள் ஃபுளோரிடாவின் டாம்பாவில் இருந்தோம். ஆகஸ்ட் 30-ஆம் தேதி கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே இர்மா புயல் உருவானபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கிளம்புபவற்றில் பெரும்பாலானவை நடுக்கடலிலேயே கரைந்துவிடும். இது கரையவில்லை. மறுநாளே சூறாவளி, செப்டம்பர் 5-ல் ஐந்தாம் வகை (அதுதான் உச்ச வகை), காற்று மணிக்கு சுமார் 285 கி.மீ. அடுத்த நாள் விடிவதற்குள் பார்புடா தீவின் பெரும்பாலான வீடுகள் சேதமாகிவிட்டன. பாவம், சின்னஞ்சிறு தீவு அது.

அப்புறம் எங்களுக்கு ஒரே வேலை, பாதை வரைபடத்தைப் பார்ப்பதுதான். முதலில் புயலின் மையம் போகும் என்று கணித்த நடுக்கோடு மயாமி பக்கம் இருந்தது. சரி, நமக்கு இல்லை என்று மூச்சு விட்டோம். சனிக்கிழமைக்குள் அந்தக் கோடு மேற்கே நகர்ந்து நகர்ந்து எங்கள் தலைக்கு மேல் வந்து நின்றது. கோட்டைச் சுற்றி, மையம் விலகிப் போகக்கூடிய பரப்பைக் காட்டும் கூம்புக்குள் நாங்கள் முன்பே இருந்தோம். நான்தான் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தயவுசெய்து யாரும் அப்படிப் பார்க்காதீர்கள். புயலின் மையம் அந்தக் கூம்புக்குள் போக மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புதான் உண்டு. காற்றும் வெள்ளமும் அதற்கு வெளியேயும் வரும்.

ஞாயிறு, 10-ஆம் தேதி காலை, ஃபுளோரிடாவின் தென்கோடியிலுள்ள கீஸ் தீவுகளில், கட்ஜோ கீயில் நான்காம் வகையாகக் கரையேறியது. பிற்பகலில் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டி, "வந்து பாருங்கள், விரிகுடாவைக் காணோம்" என்றார். பேஷோர் சாலையின் கைப்பிடிச் சுவருக்கு அப்பால், தினமும் தண்ணீர் தளும்பும் இடம் முழுக்கச் சேறு. உப்பும் அழுகலும் கலந்த வாடை. சிலர் நாயோடு இறங்கி நடந்துகொண்டிருந்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

காரணம் பிறகுதான் புரிந்தது. அங்கே சூறாவளி இடஞ்சுழியாகச் சுழலும். மையம் எங்களுக்குத் தெற்கே இருந்ததால் காற்று கிழக்கிலிருந்து வீசி, தண்ணீரை வெளியே தள்ளிவிட்டது. அதே மையம் எங்களுக்கு மேற்கே கடல் வழியாக வடக்கே போயிருந்தால், அந்தத் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்திருக்கும். இரவில் அது கிழக்கே, லேக்லாந்து பக்கமாகப் போனது. ஆறு நாள் மின்சாரம் இல்லை, அவ்வளவுதான்.

* * *

டாம்பா அன்பருக்கு வணக்கம். நாங்கள் அந்தக் கோட்டை நம்பி மயாமியிலிருந்து குழந்தைகளோடு ஃபுளோரிடாவின் மேற்குக் கரையிலுள்ள நேப்பிள்ஸில் அண்ணன் வீட்டுக்கு ஓடியவர்கள். இர்மா கீஸ் தீவுகளைக் கடந்து, மார்க்கோ தீவில் மறுபடியும் கரையேறி நேராக எங்களிடம் வந்தது. மாலையில் அதன் கண் மேலே வந்ததும் காற்று சட்டென்று நின்றது. மணிக்கணக்காக இரைச்சலில் இருந்த காது அந்த அமைதியில் அடைத்துக்கொண்டது. முடிந்துவிட்டது என்று அண்ணன் கதவைத் திறக்கப் போனார். அண்ணி கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். கொஞ்ச நேரத்தில், அதுவரை ஆடாமல் இருந்த மேற்குப் பக்க ஷட்டர்கள் படபடக்கத் தொடங்கின. பின்வாங்கிப் போயிருந்த கடலும் அப்போதுதான் திரும்பி வந்தது.