புதுப்பிப்பு: பாரஃபின் செக்‌ஷன் சுருங்குற பிரச்சினை

எலி லிவர பாரஃபின் மெழுகுல பதிச்ச பிளாக்ல, மைக்ராஸ்கோப்ல பாக்குறதுக்கு 5 மைக்ரான் கனத்துல செக்‌ஷன் (மெல்லிசான சீவல்) வெட்டுனா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டின நாடாவா, அதாவது ரிப்பனா வராம சுருண்டுக்குது, ஸ்டெயின் பண்றப்ப (சாயம் ஏத்துறப்ப) ஸ்லைடுலேர்ந்து கழண்டுடுதுன்னு கேட்டிருந்தேன்ல, நான் கெமிஸ்ட்ரி ஆளு வேற, பொறுமையா பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

பிளாக்க ஐஸ்ல குளிர வச்சு, புது பிளேடு மாட்டி, வெட்டுற மெஷின் (மைக்ரோடோம்) கைப்பிடிய ஒரே வேகத்துல மெதுவா சுத்துனதும் ரிப்பன் வந்துடுச்சு. வெட்டுனத மிதக்க விடுற வாட்டர் பாத் 45 டிகிரி கிட்ட, அதாவது மெழுகு உருகுற சூட்டுக்கு நல்லா கீழயே இருக்கணும், அப்பதான் சுருக்கம் தானா விரியுது, சூடு ஏறுனா திசு பிஞ்சு பரவிடும்.

கழண்டு போறதுக்கு பாலி லைசின் (திசு ஒட்டிக்க உதவுற பூச்சு) பூசின ஸ்லைடு எடுத்து, செக்‌ஷனுக்கு அடியில தண்ணி தேங்காம நிமிர்த்தி வச்சு வடிய விட்டு, 37 டிகிரில ராத்திரி முழுக்க காய வச்சேன். என்னைக் கேட்டா இந்த காய வைக்கிறதுதான் எல்லாத்தையும் விட முக்கியம்.

நடுப்பகுதி மட்டும் இன்னும் பொடிஞ்சு உதிருது, உள்ள மெழுகு சரியா இறங்கலன்னு நினைக்கிறேன், அடுத்த பேட்ச் 3 மில்லிமீட்டர் துண்டா வெட்டிப் பாக்குறேன்.