தண்ணீருக்குள் ரோபோவுக்கு வழி தெரிகிறதா? கோலாலம்பூர், பினாங்கு அனுபவங்கள்

குளக்காரர், மோண்ட் கியாரா:

கொண்டோமினியம் நீச்சல் குளங்களைப் பராமரிப்பது என் தொழில். துப்புரவு ரோபோ வாங்கியவர்களிடமிருந்து வரும் முதல் புகார், "ஒரே மூலையைச் சுற்றிச் சுற்றி வருகிறது" என்பதுதான். அப்படி ஒன்றை, பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் உச்சியில் கட்டிய குளத்தில் பார்த்தேன். ஆழம் குறைந்த பக்கத்தில் நூல் பிடித்தாற்போல் ஓடியது. ஆழமான பக்கத்தை நெருங்கியதும் வில்லாக வளைந்து, வந்த வழியே திரும்பிவிட்டது. விற்ற கடையில் சோதித்துவிட்டுப் பழுதே இல்லை என்றார்கள். நிர்வாகக் குழுத் தலைவருக்குக் கடைக்காரர் மேல் ஏகக் கோபம்.

கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு குளத்தின் விளிம்போரமாக நடந்து பார்த்தேன். அடியில் பெரிய உத்தரம் ஓடும் இடத்துக்கு வந்ததும், நான் திரும்பாமலே வடக்கு திரும்பியது. கான்கிரீட்டுக்குள் கிடக்கும் முறுக்குக் கம்பிகளின் வேலை அது. பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசை அறியும் ரோபோவுக்கு, கம்பி காட்டும் பொய் வடக்கும் வடக்குதான். போதாக்குறைக்கு அது தரையோடு ஒட்டி ஓடுகிறது. கம்பிக்கு நம் கையைவிட அது நெருக்கம்.

பிறகு ஜைரோஸ்கோப்பை நம்பி ஓடும் ரகத்தை இறக்கினோம். இது எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்பதை அளந்து, கூட்டிக் கூட்டிக் கோணத்தைக் கணக்கிடும். கம்பி இதை ஏமாற்றாது. ஆனால் துளித்துளியான பிழையும் சேர்ந்துகொண்டே போகும். முதலில் இணையாகப் போன தடங்கள் நேரம் ஆக ஆகச் சாயத் தொடங்கின. சுவரில் நேராக முட்டும்போது கணக்கைத் திருத்திக்கொள்ளும் ரகங்களும் உண்டு. சிறுநீரக வடிவக் குளத்தில் அந்த வித்தை பலிக்காது. இருந்தாலும் மாடிக் குளத்துக்கு ஜைரோஸ்கோப்தான் என்பது என் கட்சி.

செந்தூல் வாசகி:

அண்ணா, காரில் இருப்பதுபோல் ஜிபிஎஸ் வைத்துவிட்டால் தீர்ந்ததே? தங்கை வீட்டு ரோபோ தண்ணீருக்குள் போனதும் கைப்பேசிச் செயலியில் இணைப்பு அறுந்துவிடுகிறது. அதையும் பழுது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:

பழுதில்லை அக்கா. ஜிபிஎஸ் அலையும் வைஃபை அலையும் நீருக்குள் சிறிது தூரத்திலேயே மடிந்துவிடும். அதனால்தான் சில ரகங்கள் மேலே ஒரு மிதவையை இழுத்துக்கொண்டு போகின்றன. மற்றவை கரை ஏறிய பிறகே பேசும்.

குளத்தில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதில் ரோபோ தடுமாறும். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்பதை மட்டும் பிசகாமல் சொல்லும். நான் அழுத்த சென்சார் சோதிக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கிட்டத்தட்ட 10 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் கூடும். குளம் அகலமா குறுகலா என்பதைப் பற்றி அழுத்தத்துக்குக் கவலை இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: நீருக்கு மேலே உள்ள காற்றையும் சேர்த்துத்தான் சென்சார் அளக்கிறது. நம் நிலநடுக்கோட்டுப் பகுதியில் காற்றழுத்தம் காலை 10 மணி வாக்கில் உச்சத்தில் இருக்கும். மாலை 4 மணிக்குள் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிடும். நீரின் கணக்கில் அது மூன்று நான்கு சென்டிமீட்டர். தரையைப் பெருக்க இது பொருட்டே இல்லை. நீர்மட்டத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படியும் சுவர் ஓடுகளின் (டைல்ஸ்) வரிசையைத் தேய்க்க வேண்டும் என்றால் பொருட்டுதான். ஆகவே பல ரகங்கள் இயங்கத் தொடங்கும்போது உள்ள அழுத்தத்தைச் சுழியம் என்று வைத்துக்கொள்கின்றன.

தஞ்சோங் பூங்காவில் உறவினர் வீட்டு ரோபோ ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் நின்றுவிடும். மோட்டாரை மாற்றியும் பயனில்லை. போய்ப் பார்த்தால், வீட்டுக்காரர் அதைத் தண்ணீரிலிருந்து எடுப்பதே இல்லை. காலையில் டைமர் தட்டிவிட, குளத்தின் அடியிலேயே விழித்துக்கொள்கிறது. அந்த ஆழம் அதற்குச் சுழியம். நீருக்கு வெளியே இருக்கிறோம், பம்ப் காய்ந்துவிடும் என்று பயந்து தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது! கரையில் வைத்து இயக்கிவிட்டு இறக்கச் சொன்னேன். அதன்பின் ஒழுங்காக ஓடுகிறது.

அடிப்பக்கத்தில் சென்சாருக்கு ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கும். சுண்ணாம்பு படிந்து அடைத்தால் ஊசியால் குத்தாதீர்கள். உள்ளே இருக்கும் மென்மையான பூச்சு கிழிந்தால் சென்சார் போச்சு.

குளக்காரர், மோண்ட் கியாரா:

தம்பி சொன்ன டைமர் கதையைப் படித்ததும் எனக்கு இரண்டு வாடிக்கையாளர்களின் முகம் நினைவுக்கு வந்தது. நாளைக்கே போய்ப் பார்க்கிறேன். சக்கரத்தின் சுற்றை எண்ணித் தூரம் கணக்கிடும் ரகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: பாசி பிடித்த ஓட்டில் சக்கரம் வழுக்கும், நின்ற இடத்திலேயே சுழன்றுவிட்டு அடுத்த சுவருக்கு வந்துவிட்டதாக நினைத்துத் திரும்பும். முதலில் பாசியைக் கையால் தேய்த்து எடுங்கள்.

புடு மாணவன்:

நான் ஜாலான் பசார் மின்னணுக் கடையில் வாங்கிய மீயொலித் தொகுதியை (ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும் கருவி) வைத்துச் சொந்தமாக ஒரு ரோபோ செய்து பார்க்கிறேன். தண்ணீர் புகாத ரகம். கார் பின்னால் வரும்போது கீச்சிடுமே, அதே வகை. குளத்தில் இறக்கினால், சுவர் 4 மீட்டர் தள்ளி இருக்கும்போது 90 சென்டிமீட்டர் என்று காட்டுகிறது. அருகே போனால் எண்ணே வருவதில்லை.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:

தம்பி, அது காற்றுக்குச் செய்தது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர். நம் ஊர் வெதுவெதுப்பான நீரில் சுமார் 1,500. எதிரொலி நான்கு மடங்குக்கு மேல் சீக்கிரம் திரும்புகிறது. நிரலில் வேகத்தை மாற்றினால் முதல் கோளாறு தீர்ந்தது. இரண்டாவது தீராது. ஒலியை அனுப்பிய பிறகு அந்தத் தகடு சற்று நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அதற்குள் வரும் எதிரொலி அதன் காதில் விழாது. காற்றில் அந்தக் குருட்டுத் தூரம் 20 சென்டிமீட்டர் என்றால், நீரில் ஒரு மீட்டரை எட்டும். முன்பக்கம் ஒரு முட்டு சுவிட்ச் வைத்துவிடுங்கள். கடைசி ஒரு மீட்டருக்கு அதுவே போதும்.