அலோஸ்ரெரிக்: "வேற்றிடம்" போதாது, "திருகிடம்" எப்படி?

எல்லோருக்கும் வணக்கம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு உயர்தரப் பிள்ளைகளுக்கான உயிர்இரசாயனப் பயிற்சி வினாக்களில் மற்றச் சொற்களால் பெரிய தொல்லை இல்லை. அனுசேபம், நொதியம் (என்சைம்), நிரோதி (நொதியத்தைத் தடுக்கும் பொருள்) எல்லாம் அவர்கள் வாயில் ஊறியவை. தமிழகத்து நண்பர் அனுசேபத்தை "வளர்சிதை மாற்றம்" என்று திருத்தி அனுப்பியிருந்தார். அதை இங்கே கொண்டுவந்தால் பிள்ளைகள் பரீட்சையில் முழிப்பார்கள், கோபிக்க வேண்டாம். இழுபறி அலோஸ்ரெரிக் (allosteric) என்பதற்குத் தமிழ் தேடுவதில்தான்: வினை நடக்கும் உயிர்ப்பு மையத்தை விட்டு நொதியத்தின் வேறோர் இடத்தில் ஒரு மூலக்கூறு பிணைந்து, அந்த நொதியத்தை ஊக்குவது அல்லது தடுப்பது.

> உயிர்ப்பு மையத்தில் அல்லாமல் வேறோர் இடத்தில் பிணைவதால் "வேற்றிட நிரோதம்" போதுமே.

போதாது ஐயா. போட்டியற்ற நிரோதியும் வேறிடத்தில்தான் பிணைகிறது. அங்கே கீழ்ப்படையை (நொதியம் மாற்றும் பொருளை) எவ்வளவு கூட்டினாலும் உச்ச வேகம் திரும்பக் கிடைக்காது. குளுக்கோசை உடைக்கும் கிளைக்கோபகுப்புப் பாதையில் வரும் பொசுபோபிரக்ரோகைனேசு என்ற நொதியத்தில் நடப்பது வேறு. கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரி.பி மிகுந்தால் அந்த நொதியத்துக்குத் தன் கீழ்ப்படையான பிரக்ரோசு-6-பொசுபேற்றின் மீதுள்ள நாட்டம் குறைகிறது. ஆனால் பிரக்ரோசு-6-பொசுபேற்றைக் கூட்டினால் வேகம் மறுபடி ஏறும். "வேற்றிடம்" என்று படித்த பிள்ளை இந்த வினாவுக்கு "ஏறாது" என்றுதான் எழுதும். அப்புறம் ஏ.ரி.பி செலவாகும்போது கூடும் ஏ.எம்.பி இதே நொதியத்தை ஊக்குகிறது. ஆகவே சொல்லுக்குள்ளேயே நிரோதத்தைப் பூட்டிவைக்கவும் முடியாது.

> கிரேக்க மூலத்தின்படி "வேற்றுரு" என்பதே சரி.

1961இல் பிரெஞ்சு உயிரியலாளர்கள் மொனோவும் யாக்கோப்பும் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, நிரோதியின் உரு கீழ்ப்படையின் உருவை ஒத்ததல்ல என்பதே கருத்து. திரியோனினிலிருந்து ஐசோலியூசின் உண்டாகும் பாதைக்கு அது பொருந்தும்: கடைசி விளைபொருளான ஐசோலியூசின் முதற்படி நொதியத்தைத் தடுக்கிறது. ஆனால் மேலே சொன்ன ஏ.ரி.பி? பொசுபோபிரக்ரோகைனேசுக்கு அதுவும் ஒரு கீழ்ப்படை, அதுவே நிரோதி. வேற்றுரு எங்கே?

என் முன்மொழிவு "திருகிடம்". குளக்கட்டில் நின்று திருகைச் சுற்றினால் கீழே துருசுக் கதவு ஏறும், இறங்கும். கை வைப்பது ஓரிடம், தண்ணீர் பாய்வது வேறிடம், இரண்டையும் இணைப்பது நடுவிலுள்ள தண்டு. நொதியத்தில் அந்தத் தண்டு புரதத்தின் உருமாற்றம். திருகுதல் என்ற வினையில் முறுக்கிக்கொள்ளும் பொருளும் இருப்பதால் உருமாற்றமும் சொல்லுக்குள் வந்துவிடுகிறது. திறப்பதும் மூடுவதும் ஒரே திருகுதான் என்பதால் ஊக்கி, நிரோதி இரண்டுக்கும் செல்லும். அங்கே வந்து பிணையும் மூலக்கூறு "திருகி".

வவுனியா அண்ணை "திருகுதாளம் (தில்லுமுல்லு) ஞாபகம் வருகுதே" என்று சிரித்திருந்தார். வரட்டும், சொல் மறக்காது. அவருடைய மற்ற ஆட்சேபம்தான் கனமானது: திருகு என்றால் திருகாணி என்று பிள்ளை நினைக்கும். அதனால்தான் தனித் "திருகு" வேண்டாம், "திருகிடம்", "திருகிட ஒழுங்காக்கம்" என்று முழுச்சொல்லாகவே எழுதுவோம் என்கிறேன். முதல் முறை வரும்போது பக்கத்தில் "அலோஸ்ரெரிக்" என்ற ஒலிபெயர்ப்பும் இருக்கட்டும். பரீட்சைத் தாளில் எது வரும் என்பது நம் கையில் இல்லை.

வினாவில் இப்படி அமையும்:

ஓய்விலுள்ள தசைக்கலத்தில் ஏ.ரி.பி செறிவு உயர்ந்துள்ளது. அ) பொசுபோபிரக்ரோகைனேசின் திருகிடத்தில் ஏ.ரி.பி பிணைவதால் கிளைக்கோபகுப்பின் வேகம் எவ்வாறு மாறும்? ஆ) அதே தசை கடுமையாக இயங்கத் தொடங்கி ஏ.எம்.பி கூடினால் என்ன நிகழும்? இ) சித்திரேற்றும் இந்நொதியத்துக்கு நிரோதத் திருகியாக இருப்பதால் கலத்துக்கு என்ன நன்மை?

இ பகுதிக்கு விடை எழுதும்போது, சித்திரேற்று வரும் கிரெப்சு வட்டத்துப் பெயர்களையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஊக்கும் திருகியை "ஏவுதிருகி" என்று நான் குறித்துவைத்திருக்கிறேன், ஆனால் "ஏவு" கொஞ்சம் ஏவுகணை வாடை அடிக்கிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.